பள்ளிக்கு டி.ஏ. எங்கிருந்து வருகிறார், உங்கள் பிள்ளைக்கு எப்படிக் கேட்பது: இங்கிலாந்தில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு

இங்கிலாந்தில் விசேட தேவையுள்ள பிள்ளையை வளர்க்கும் நம் ஆட்களிடம் கதைத்தால் ஒரு வசனம் திரும்பத் திரும்பக் காதில் விழும்: "டி.ஏ. போடக் காசு இல்லையாம், அடுத்த வருஷம் பார்ப்பமாம்." பள்ளி சொன்னது அது. (டி.ஏ. என்றால் டீச்சிங் அசிஸ்டன்ட், வகுப்பில் ஆசிரியருக்கு உதவியாக இருந்து பிள்ளைகளைப் பார்ப்பவர்.) தாயும் தகப்பனும் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்திருப்பார்கள். பள்ளி பொய் சொல்லியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை, காசு உண்மையாகவே இல்லாமல் இருக்கலாம். ஆனால் பள்ளியிடம் காசு இல்லை என்பதால் உங்கள் பிள்ளைக்கு உதவி இல்லை என்று ஆகிவிடாது. பள்ளியின் பொறுப்பு முடிகிற இடத்தில் கவுன்சிலின் சட்டக் கடமை தொடங்குகிறது, அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியாததால்தான் பிள்ளைகள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

கீழே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து மூன்றுக்கும் வேறு வேறு சட்டம். இங்கிலாந்திலும் இதை மாற்றும் பேச்சு அரசு மட்டத்தில் நடந்துகொண்டிருக்கிறது, மாறும்வரை 2014ஆம் ஆண்டின் சில்ட்ரன் அண்ட் ஃபேமிலிஸ் சட்டம்தான் உங்கள் கையில் இருக்கிற ஆயுதம்.

காசு எப்படி வருகிறது

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தூக்கிப் போட வேண்டும். இத்தனை விசேட தேவைப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆகவே இத்தனை டி.ஏ. என்று எண்ணிப் பள்ளிக்கு ஆட்களை அனுப்பி வைக்கிற அலுவலகம் எதுவும் இல்லை. பள்ளிக்கு வருவது காசு மட்டுமே. அதை வைத்து யாரை வேலைக்கு எடுப்பது, எத்தனை மணி நேரத்துக்கு, எந்த வகுப்புக்கு என்பதைத் தலைமையாசிரியரும் சென்கோவும் முடிவு செய்கிறார்கள். (சென்கோ என்பவர் விசேட தேவைக் கல்விக்குப் பொறுப்பான ஆசிரியர். சாதாரண அரச பள்ளி ஒவ்வொன்றிலும் ஒருவர் இருந்தே ஆக வேண்டும், அவர் தகுதி பெற்ற ஆசிரியராகவும் இருக்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் இன்றைக்கே பள்ளி அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.)

காசு மூன்று அடுக்காக வருகிறது. முதலாவது, எல்லாப் பிள்ளைக்கும் தலைக்கு இவ்வளவு என்று வரும் அடிப்படைத் தொகை. இரண்டாவது, பள்ளியின் வரவு செலவுக்குள்ளேயே 'நோஷனல் எஸ்.இ.என். பட்ஜெட்' (எஸ்.இ.என். என்றால் விசேட கல்வித் தேவை) என்று கவுன்சில் குறித்துக் காட்டும் ஒரு பகுதி. இதிலிருந்துதான், கூடுதல் உதவி தேவைப்படும் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு முதல் 6,000 பவுண் வரையான செலவைப் பள்ளி தன் கையிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். மூன்றாவது, அந்த 6,000 பவுணைத் தாண்டினால் கவுன்சில் தன் 'ஹை நீட்ஸ்' நிதியிலிருந்து அந்தக் குறிப்பிட்ட பிள்ளையின் பெயரில் கொடுக்கும் டாப்-அப்.

இதில் இரண்டாவது அடுக்கில்தான் சிக்கல் எல்லாம். அந்த நோஷனல் பட்ஜெட், பள்ளியில் உண்மையில் எத்தனை விசேட தேவைப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எண்ணிக் கணக்கிடப்படுவதில்லை. எத்தனை பேர் இலவசச் சாப்பாட்டுக்குத் தகுதி, அந்தப் பகுதி எவ்வளவு வறுமையானது, எத்தனை பேர் முந்தைய கட்டத்தில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்கள் என்பது போன்ற குறியீடுகளை வைத்து ஊகித்துப் போடுகிற தொகை அது. தனியாகப் பூட்டி வைக்கப்பட்ட காசும் இல்லை, கூரை ஒழுகினாலும் ஹீட்டிங் பில் ஏறினாலும் அதே பையிலிருந்துதான் போகும். அதனால் என்ன நடக்கிறது என்றால், விசேட தேவைப் பிள்ளைகளை நன்றாகப் பார்க்கிறது என்று பெயரெடுத்த பள்ளிக்கு மேலும் மேலும் பிள்ளைகள் வருகிறார்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் 6,000 பவுணைப் பள்ளியே தேட வேண்டியிருக்கிறது, வருகிற தொகை அதே வேகத்தில் ஏறுவதில்லை. சில கவுன்சில்கள் அப்படிப்பட்ட பள்ளிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும். அந்த 6,000 என்ற எல்லை 2013இல் வந்தது, டி.ஏ.க்களின் சம்பளம் அதற்குப் பிறகு எவ்வளவோ ஏறிவிட்டது, எல்லை மட்டும் அப்படியே நிற்கிறது. நல்ல சென்கோ ஒருவர் உங்கள் முன்னால் இருந்து கையைப் பிசைகிறார் என்றால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், அவரை எதிரியாகப் பார்க்க வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் விளங்கும். ஒரு டி.ஏ.க்கு மணிக்கு எல்லாச் செலவும் சேர்த்து 14 பவுண் என்று வைத்துக்கொள்வோம் (இடத்துக்கு இடம் மாறும், லண்டனில் இன்னும் கூடும்), பள்ளி வருடத்துக்கு 39 வாரம். உங்கள் பிள்ளைக்கு வாரம் 20 மணி நேரம் தேவை என்றால் 14 பெருக்கல் 20 பெருக்கல் 39, மொத்தம் 10,920 பவுண். இதில் முதல் 6,000 பள்ளியினுடையது, மீதி 4,920 கவுன்சிலின் டாப்-அப்பாக வர வேண்டும். அதே கணக்கில் 6,000 பவுணுக்கு வாரம் கிட்டத்தட்ட 11 மணி நேரம் கிடைக்கும். ஆகவே உங்கள் பிள்ளைக்கு வாரம் ஐந்தாறு மணி நேர உதவிதான் தேவை என்றால் பள்ளி அதைத் தன் காசிலேயே செய்ய வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அதைத் தாண்டி நாள் முழுக்க ஒருவர் பக்கத்தில் தேவைப்படும் பிள்ளை என்றால், ஈ.எச்.சி. பிளான் (பிள்ளைக்கு என்ன உதவி என்று கவுன்சில் எழுதித் தரும், சட்டப்படி கட்டுப்படுத்தும் திட்டம்) இல்லாமல் ஒரு பள்ளி அதை நீண்ட காலத்துக்கு இழுத்துக்கொண்டு போவது கடினம்.

பள்ளியிடம் முதலில் என்ன கேட்பது

பிளான் இல்லாத பிள்ளைக்கும் பள்ளிக்குக் கடமை உண்டு. 'எஸ்.இ.என். சப்போர்ட்' என்று ஒரு நிலை இருக்கிறது, இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளில் 2025 ஜனவரிக் கணக்குப்படி 14.2 வீதம் பேர் அதில் இருக்கிறார்கள், பிளான் உள்ளவர்கள் 5.3 வீதம். உங்கள் பிள்ளையை அந்தப் பட்டியலில் சேர்த்தால் பள்ளி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். சேர்த்த பிறகு வருடத்துக்கு மூன்று தடவையாவது உங்களைக் கூப்பிட்டுக் கதைக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் கோட் ஆஃப் பிராக்டிஸ் (இந்தச் சட்டத்துக்கான அரசு வழிகாட்டி) சொல்கிறது. பேரண்ட்ஸ் ஈவினிங்கில் வகுப்பு டீச்சரோடு கிடைக்கும் பத்து நிமிடத்தை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், சென்கோவோடு தனியாக நேரம் கேளுங்கள்.

அந்தச் சந்திப்பில் "என் பிள்ளைக்கு டி.ஏ. தருவீர்களா" என்று கேட்டால் பதில் எப்படியும் மழுப்பலாகத்தான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இப்போது என் பிள்ளைக்கு என்ன உதவி, யார் செய்கிறார், வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா, குழுவென்றால் எத்தனை பேர், அதால் என்ன முன்னேற்றம் என்று எதை வைத்து அளக்கிறீர்கள். இந்த விவரங்களைப் பெரும்பாலான பள்ளிகள் 'ப்ரொவிஷன் மேப்' என்ற ஒரு தாளில் வைத்திருக்கும், பிரதி கேளுங்கள். தர மறுத்தாலோ இழுத்தடித்தாலோ, உங்கள் பிள்ளையைப் பற்றிப் பள்ளி வைத்திருக்கும் தகவல் அனைத்தையும் 'சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட்' என்று எழுதிக் கேட்கலாம், சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும், கட்டணம் கிடையாது.

இங்கே நம் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், மனதில் இருப்பதைத்தான் சொல்கிறேன். ஆசிரியரை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். சந்திப்பில் ஆங்கிலம் வேகமாகப் போகும், பாதி விளங்காது, ஆனால் மரியாதைக்காகத் தலையாட்டி "தேங்க்யூ மிஸ்" என்று சொல்லிவிட்டு எழும்பி வருவோம். அந்தக் கூட்டத்தின் குறிப்பில் "பெற்றோர் தற்போதைய உதவியில் திருப்தியாக உள்ளனர்" என்று ஒரு வரி ஏறிவிடும், பிறகு கவுன்சிலுக்கு விண்ணப்பம் போகும்போது அதே வரி உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். ஆகவே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பிள்ளையின் அண்ணனையோ அக்காவையோ மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள், தம்பியைப் பற்றி எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது அந்தப் பிள்ளைக்குப் பெரிய பாரம். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே சென்கோவுக்கு ஒரு மின்னஞ்சல்: இன்று இன்னின்ன கதைத்தோம், இதற்கு நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள், இதில் எங்களுக்குத் திருப்தியில்லை. ஆங்கிலம் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, திகதி இருந்தால் போதும்.

இன்னொன்று, "வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பிள்ளை பின்தங்குகிறது" என்ற கதை. வீட்டு மொழி வேறு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளைக்குக் கற்றல் சிரமம் இருப்பதாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று சட்டத்தின் 20ஆம் பிரிவே சொல்கிறது. அதே போல, உண்மையான சிரமம் இருக்கிற பிள்ளையை "ஆங்கிலம் வந்தால் சரியாகிவிடும்" என்று இரண்டு மூன்று வருடம் ஒத்திப்போடுவதும் நடக்கிறது. பிள்ளை தமிழிலும் வசனமாகப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, தமிழில் சொன்ன சிறு கட்டளையும் விளங்கவில்லை என்றால் அது மொழிப் பிரச்சினை இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பள்ளிக்கு அது தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும், எழுதிக் கொடுங்கள். தமிழை நிறுத்தவும் வேண்டாம், ஸ்பீச் தெரபிஸ்டுகளின் தொழில்முறை அமைப்பே வீட்டு மொழியைக் கைவிடச் சொல்வதில்லை.

கவுன்சிலிடம் விண்ணப்பிப்பது

பள்ளி செய்வது போதவில்லை என்று தெரிந்தால் அடுத்த படி, ஈ.எச்.சி. மதிப்பீட்டுக்குக் கவுன்சிலிடம் விண்ணப்பிப்பது. பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று கனபேர் நினைக்கிறார்கள், சில இடங்களில் பள்ளியே அப்படிச் சொல்லியும் விடுகிறது. தேவையில்லை. பெற்றோர் நேரடியாக விண்ணப்பிக்கலாம், பள்ளியின் கையெழுத்து வேண்டியதில்லை, ஆட்டிசம் என்றோ ஏ.டி.எச்.டி. என்றோ டாக்டரின் முடிவு கையில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பள்ளியும் சேர்ந்து விண்ணப்பித்தால் ஆதாரம் பலமாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் "அடுத்த டேர்ம், அடுத்த டேர்ம்" என்று போனால் நீங்களே அனுப்பிவிடுங்கள்.

கவுன்சில் பார்க்க வேண்டிய அளவுகோல் சட்டத்தின் 36(8) பிரிவில் இருக்கிறது, அதில் இரண்டே விஷயம்: பிள்ளைக்கு விசேட கல்வித் தேவை இருக்கிறது அல்லது இருக்கக்கூடும், பிளான் மூலம் உதவி செய்ய வேண்டிய அவசியம் ஏற்படக்கூடும். "கூடும்" என்கிற அளவு போதும், நிரூபிக்க வேண்டியதில்லை. "பள்ளி முதலில் 6,000 பவுண் செலவழித்ததற்குக் கணக்குக் காட்டட்டும்", "இன்னும் இரண்டு டேர்ம் பார்த்துவிட்டு வாருங்கள்", "படிப்பில் இரண்டு வருடமாவது பின்தங்கியிருக்க வேண்டும்" என்றெல்லாம் கவுன்சில் சொன்னால், அவை அவர்களுடைய உள்விதி, சட்டத்தின் அளவுகோல் இல்லை. படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் பிளான் கிடைக்கலாம், ஏனென்றால் தேவை என்பது பழகுவது, பேசுவது, பதற்றம், உடல் எல்லாவற்றையும் சேர்த்தது.

விண்ணப்பக் கடிதத்தில் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பள்ளி, "2014 சட்டத்தின் 36(1) பிரிவின் கீழ் மதிப்பீடு கேட்கிறேன்" என்ற வரி, பிறகு பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது என்ற விவரம். இந்தக் கடைசிப் பகுதியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். "அவனுக்குக் கவனம் குறைவு" என்று எழுதினால் அதைப் படிக்கிற அதிகாரிக்கு ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. "காலையில் சீருடை போட 40 நிமிடம் ஆகிறது, சொக்ஸின் தையல் காலில் பட்டால் கழற்றி எறிந்து அழுவான், பள்ளி வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், மத்தியானச் சாப்பாட்டு மண்டபத்தின் சத்தம் தாங்காமல் சாப்பிடாமலே வீட்டுக்கு வருகிறான், நாலு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் மேசைக்குக் கீழே இருப்பான்" என்று எழுதினால் தெரியும். பிள்ளையின் நல்ல நாளை வைத்து எழுதாதீர்கள். பிள்ளையைக் குறைத்து எழுதுவது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், அழுதுகொண்டே எழுதிய தாய்மார் இருக்கிறார்கள். அவனிடம் இருக்கிற நல்லதை எழுதவும் அதே கடிதத்தில் இடம் உண்டு, அதையும் எழுதுங்கள்.

மாதிரிக் கடிதம் வேண்டுமானால் இப்சீ என்ற தொண்டு நிறுவனத்தின் தளத்தில் இலவசமாக இருக்கிறது. ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் 'செண்டியாஸ்' என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்க வேண்டும் என்பது சட்டம், அவர்களோடு பேசும்போதும் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டுப் பாருங்கள்.

விண்ணப்பம் கவுன்சிலுக்குக் கிடைத்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் மதிப்பீடு செய்வோம் அல்லது மாட்டோம் என்று கவுன்சில் பதில் சொல்ல வேண்டும். செய்வதென்று முடிவானால் கல்வி உளவியலாளர், பள்ளி, சுகாதாரத் துறை, சமூக சேவை, நீங்கள் என எல்லாரிடமும் அறிக்கை வாங்க வேண்டும், மொத்தமாக 20 வாரத்துக்குள் இறுதிப் பிளான் கைக்கு வர வேண்டும். நடைமுறையில் 2024இல் பாதிக்கும் குறைவான பிளான்களே அந்த 20 வாரத்துக்குள் முடிந்தன. கல்வி உளவியலாளர் தட்டுப்பாடு என்பார்கள். உண்மைதான், ஆனால் அது சட்டக் காலக்கெடுவை நீட்டாது. திகதிகளைக் கலண்டரில் குறித்து வைத்து, தாண்டிய மறுநாளே எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். தொந்தரவு கொடுக்கிறவர் என்று பெயர் வந்தால் வரட்டும், அமைதியாக இருக்கிற கோப்பு அடியில்தான் போகும்.

எஃப் பிரிவு

வரைவுப் பிளான் வந்ததும் கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாள் உண்டு. ஆங்கிலத்தில் இருபது முப்பது பக்கம் வரும், பார்த்ததும் தலை சுற்றும். ஏ முதல் கே வரை பிரிவுகள் இருக்கும். முதல் வாசிப்பில் இரண்டை மட்டும் பாருங்கள்: பிள்ளையின் தேவைகளைச் சொல்லும் பி பிரிவு, அதற்கான கல்வி உதவியைச் சொல்லும் எஃப் பிரிவு. பி பிரிவில் இருக்கிற ஒவ்வொரு தேவைக்கும் எஃப் பிரிவில் ஒரு உதவி இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் பென்சிலால் வட்டம் போடுங்கள்.

எஃப் பிரிவில் எழுதியிருப்பதைச் செய்து கொடுப்பது கவுன்சிலின் சட்டக் கடமை (42ஆம் பிரிவு). காசு இல்லை, ஆள் கிடைக்கவில்லை, இந்தப் பிள்ளை இந்த பாண்டில் (நிதிப் படிநிலையில்) தான் வருகிறது, இந்த பாண்டுக்கு இவ்வளவுதான் டாப்-அப் என்பதெல்லாம் அங்கே செல்லாது. ஆனால் அங்கே எழுதப்படாத எதையும் யாரும் கட்டாயமாகச் செய்ய வேண்டியதில்லை. டி.ஏ. ஒதுக்கீடு உண்மையில் முடிவாவது இந்த வரிகளில்தான்.

அதனால்தான் வரிகள் வழுக்கலாக எழுதப்படுகின்றன. 'ஆக்சஸ் டு அடல்ட் சப்போர்ட்' என்று ஒரு வரி வரும், பெரியவர் ஒருவரின் உதவி கிடைக்கும் வாய்ப்பு இருக்கும் என்பதுதான் அதன் பொருள், 30 பிள்ளைகள் உள்ள வகுப்பில் டீச்சர் நிற்பதே அதற்குப் போதும். 'அப் டு 20 அவர்ஸ்' என்றால் 20 மணி நேரம் வரை, இரண்டு மணி நேரம் கொடுத்தாலும் பிளானை மீறியதாகாது. 'ரெகுலர்', 'ஆஸ் அப்ரோப்ரியேட்', 'வுட் பெனிஃபிட் ஃப்ரம்', 'ஆப்பர்ச்சுனிட்டீஸ் ஃபோர்' எல்லாம் அதே ரகம். ஒவ்வொன்றையும் கோடிட்டு, பக்கத்தில் யார், எவ்வளவு நேரம், எத்தனை தடவை, என்ன பயிற்சி பெற்றவர், எத்தனை பேர் கொண்ட குழு என்று கேள்வி எழுதித் திருப்பி அனுப்புங்கள். உதவி விவரமாகவும் குறிப்பாகவும், பொதுவாக அளவோடும் எழுதப்பட வேண்டும் என்று கோட் ஆஃப் பிராக்டிஸின் 9.69ஆம் பந்தி சொல்கிறது, அந்த எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.

நல்ல வரி எப்படி இருக்கும் என்று ஒரு உதாரணம்: "ஆட்டிசத்தில் பயிற்சி பெற்ற டி.ஏ. ஒருவர் ஒவ்வொரு பள்ளி நாளும் முதல் பாடத்துக்கு முன் 15 நிமிடம் பிள்ளையோடு தனியாக இருந்து, பட அட்டவணையைக் காட்டி அன்றைய நாளை விளக்குவார். எழுத்து, கணக்குப் பாடங்களில் முழு நேரமும் அவர் வகுப்பில் இருப்பார். இடைவேளை, மதியச் சாப்பாட்டு நேரங்களில் விளையாட்டை ஒழுங்கு செய்வார்." இப்படி இருந்தால் ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்து, நடக்கிறதா இல்லையா என்று ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல முடியாத வரி எதுவானாலும் திருத்தக் கேளுங்கள். இடைவேளையையும் சாப்பாட்டு நேரத்தையும் மறக்காதீர்கள். பாட நேரத்துக்கு மட்டும் உதவி எழுதிவிட்டு, பிள்ளை மிகவும் தடுமாறுகிற மத்தியான ஒரு மணி நேரத்தை வெறுமையாக விட்டுவிடுவது சர்வசாதாரணம். டி.ஏ. வராத நாளில் யார் நிற்பார் என்பதையும் கேட்டு எழுத வையுங்கள். ஸ்பீச் தெரபியைச் சுகாதாரப் பிரிவான ஜி பிரிவுக்குள் தள்ளியிருந்தால் எஃப் பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள், மொழியும் பேச்சும் கல்விக்கு அடிப்படை என்பதால் அது பொதுவாக எஃப் பிரிவில்தான் வர வேண்டும் என்று அதே கோட் சொல்கிறது.

மணி நேரத்தை மட்டும் துரத்த வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். லண்டன் இன்ஸ்டிடியூட் ஆஃப் எடியுகேஷனில் பீட்டர் பிளாட்ச்ஃபோர்ட் தலைமையில் 2003 முதல் 2008 வரை நடந்த பெரிய ஆய்வொன்று, டி.ஏ.க்களின் உதவி அதிகம் கிடைத்த பிள்ளைகள் அதே போன்ற மற்றப் பிள்ளைகளைவிடப் படிப்பில் குறைவாகவே முன்னேறினார்கள் என்று கண்டது. டி.ஏ.க்களின் குறை என்று அவர்கள் சொல்லவில்லை. பயிற்சி கொடுக்காமல், ஆசிரியரோடு சேர்ந்து திட்டமிட நேரம் கொடுக்காமல், மிகவும் சிரமப்படும் பிள்ளையை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டு ஆசிரியர் மற்றப் பிள்ளைகளைப் பார்க்கப் போவதுதான் பிரச்சினை. நாள் முழுக்க ஒரு பெரியவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தால் மற்றப் பிள்ளைகளும் கிட்ட வர மாட்டார்கள். பாதுகாப்புக்காகவோ உடல் தேவைக்காகவோ முழு நேரம் ஒருவர் வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கேட்டே ஆக வேண்டும். மற்றவர்களுக்கு, வகுப்பு ஆசிரியர் நேரடியாக என்ன செய்வார், டி.ஏ. எப்போது விலகி நின்று பிள்ளையைத் தானாகச் செய்ய விடுவார் என்பதையும் பிளானில் எழுத வைப்பது 25 மணி நேரம் என்று வாங்கிக்கொண்டு வருவதைவிடப் பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

மறுத்தால், அல்லது எழுதியதைச் செய்யாவிட்டால்

மதிப்பீடு செய்ய மாட்டோம், பிளான் தர மாட்டோம் என்று பதில் வரலாம், பிளான் வந்தும் எஃப் பிரிவு வெறும் பேச்சாக இருக்கலாம். மூன்றுக்கும் செண்ட் டிரிப்யூனலுக்கு (விசேட தேவை வழக்குகளைக் கேட்கும் நடுவர் மன்றம்) மேன்முறையீடு செய்யலாம். முடிவுக் கடிதத்தின் திகதியிலிருந்து இரண்டு மாதம், அல்லது மீடியேஷன் (கவுன்சிலோடு சமரசப் பேச்சு) சான்றிதழ் கிடைத்து ஒரு மாதம், எது பிந்தியதோ அதுவே கெடு. மீடியேஷனில் கட்டாயம் உட்கார வேண்டும் என்றில்லை, மீடியேஷன் சேவையை அழைத்து எனக்கு வேண்டாம் என்று சொன்னாலும் சான்றிதழ் தருவார்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். காத்திருப்புத்தான் நீளம், பல மாதம் ஆகும். ஆனால் தீர்ப்பு வரை போகிற வழக்குகளில் மிகப் பெரும்பான்மை முழுமையாகவோ ஓரளவோ பெற்றோர் பக்கமே முடிகிறது, அதற்கு முன்பே கவுன்சில் விட்டுக்கொடுக்கும் வழக்குகளும் நிறைய. முதல் மறுப்புக் கடிதத்தோடு சோர்ந்து போய் நிறுத்துகிறவர்கள்தான் நம்மில் அதிகம், அதுதான் எனக்கு மிகவும் கவலை.

பிளானில் 20 மணி நேரம் என்று தெளிவாக இருந்தும் பள்ளி 10 மணி நேரம்தான் கொடுக்கிறது என்றால் அது டிரிப்யூனல் விஷயம் இல்லை. முதலில் சென்கோவிடம் எழுதிக் கேளுங்கள், சரிவராவிட்டால் கவுன்சிலின் விசேட தேவைப் பிரிவுக்கு எழுதுங்கள், 42ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, எந்த வரி எந்தத் திகதியிலிருந்து நடக்கவில்லை என்று. பள்ளியோடு மல்லுக்கட்ட வேண்டாம், கடமை கவுன்சிலுடையது. அசையாவிட்டால் நீதிமன்ற மறுபரிசீலனை என்ற வழி இருக்கிறது, அதைப் பிள்ளையின் பெயரில் கொண்டு போனால் சட்ட உதவி நிதி கிடைக்க வாய்ப்புண்டு. பெரும்பாலும் ஒரு வழக்கறிஞரின் முன்னறிவிப்புக் கடிதத்திலேயே காரியம் நடந்துவிடும்.

"டி.ஏ. இன்றைக்கு வரவில்லை, மத்தியானத்தோடு கூட்டிக்கொண்டு போங்கள்" என்று பள்ளி தொலைபேசியில் சொன்னால், அது அடிக்கடி நடந்தால், திகதியும் நேரமும் யார் சொன்னார் என்பதும் எழுதி வையுங்கள். முறையாகப் பதிவு செய்யாமல் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது சட்டப்படி செல்லாது, பள்ளிக்கு அது நன்றாகத் தெரியும். "இதை எக்ஸ்க்ளூஷன் என்று எழுத்தில் தருகிறீர்களா" என்று (எக்ஸ்க்ளூஷன் என்றால் பள்ளியிலிருந்து விலக்கி வைப்பது) அமைதியாக ஒரு தடவை கேட்டாலே பல இடங்களில் அந்த அழைப்புகள் குறையும்.

பிளான் ஒவ்வொரு 12 மாதத்துக்குள்ளும் மீளாய்வுக்கு வரும். "பிள்ளை நன்றாக முன்னேறிவிட்டான், மணி நேரத்தைக் குறைக்கலாம்" என்று அங்கே கேட்டால், முன்னேறியதற்கே காரணம் அந்த உதவிதானா என்று திருப்பிக் கேளுங்கள். ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு, மேல்நிலைப் பள்ளியின் பெயரோடு திருத்திய பிளான் பெப்ரவரி 15க்குள் வந்துவிட வேண்டும், ஆகவே ஐந்தாம் வகுப்பின் கடைசி டேர்மிலேயே பள்ளிகளைப் போய்ப் பார்த்து, அங்கே இருக்கும் சென்கோவிடம் எஃப் பிரிவைக் காட்டி இதை எப்படிச் செய்வீர்கள் என்று கேளுங்கள். வீடு வாங்கி ஹரோவிலிருந்து ஸ்லவ்வுக்கோ ஈஸ்ட் ஹாமிலிருந்து எசெக்ஸுக்கோ மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பிளான் உங்களோடு வரும், புதிய கவுன்சில் எஃப் பிரிவில் இருப்பதை மாறிய நாளிலிருந்தே செய்து கொடுக்க வேண்டும். ஆனால் மாறுகிற விஷயத்தைப் பழைய கவுன்சிலிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லி, கோப்பை அனுப்பச் சொல்லி, அனுப்பியாயிற்று என்று பதில் வாங்கிய பிறகு லொறியைக் கூப்பிடுங்கள்.